சாவியா, சங்கிலியா? வீட்டிலிருந்தே நாய், பூனை பார்த்துக்கொள்ளும் தொழிலுக்கு எந்த வழி

மன்னார்குடியில் இருக்கும் என் சித்தி மகள் போன வாரம் போன் பண்ணினாள். "அக்கா, நீ செய்றியே நாய் பாத்துக்கற வேலை, அதை நானும் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். கொல்லையில அம்பது அடி சும்மாத்தானே கெடக்கு. நாலு கூண்டு போட எவ்வளவு ஆகும்?"

"கூண்டு கெடக்கட்டும். உன் ஸ்கூட்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் குடுக்குது?" என்று கேட்டேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று கோபித்துக்கொண்டாள்.

கிண்டல் இல்லை. கும்பகோணத்தில் நான்கு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். முதல் வருஷம் பிராணிகளை என் வீட்டுக்கு வரவழைத்தேன். அதன்பிறகு நான்தான் அவர்கள் வீடுகளுக்குப் போகிறேன். இரண்டிலும் காசு வந்தது. தூக்கம் வந்தது இரண்டாவதில்தான். அவளிடம் போனில் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். டெல்டா ஊர்களில் இதே யோசனையில் இன்னும் பலர் இருப்பார்கள்.

முதலில், இதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்ற கேள்வி. "பக்கத்து வீட்டு மாமிகிட்ட சொன்னா ஒரு பிடி சாதம் வைக்க மாட்டாங்களா?" என்று என் அம்மாவே கேட்டார். கேள்வி நியாயமானது. இந்தத் தொழிலில் நமக்குப் போட்டி இன்னொரு கடை கிடையாது. இலவசமாகச் சோறு வைக்கும் அந்த மாமிதான். ஆனால் மாமிக்கும் வயதாகிறது. அவர் பிள்ளைகளும் வெளியூரில். நாய்க்குச் சோறு வைப்பார், மாத்திரை கொடுக்கச் சொன்னால் பயப்படுவார். ஒரு தரம் சரி, மாதம் இரண்டு தரம் என்றால் கேட்கிறவர்களுக்கே கூச்சமாகிவிடும். அந்தக் கூச்சத்தில்தான் நம் பிழைப்பு இருக்கிறது.

வருகிறவர்களில் முதல் வகை முகூர்த்தக்காரர்கள். ஆவணி, தை, வைகாசி மாதங்களில் விடியற்காலை நாலு மணிக்கு வேனில் ஏறி, ராத்திரி பதினோரு மணிக்கு வந்து இறங்குகிறவர்கள். நடுப்பகலில் ஒரு தரம் எட்டிப்பார்த்தால் போதும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது; என் நோட்டிலும் பக்கங்கள் காலியாகக் கிடக்கும். இரண்டாவது வகை ரயில்காரர்கள். பிள்ளை சென்னையில் இருப்பான். வெள்ளிக்கிழமை ராத்திரி உழவனிலோ மன்னையிலோ ஏறிப் போய்த் திங்கள் விடியலில் திரும்புவார்கள். மூன்றாவது வகை, பெண்ணின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிறவர்கள். விசாவில் ஆறு மாதம் வரை இருக்கலாம் என்பதால் ஆறு மாதமும் இருந்துவிட்டுத்தான் வருவார்கள். அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

இவர்கள் எல்லாருக்கும் ஒரே வழி ஒத்துவராது. ஆனால் நீங்கள் முதலில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நாயின் சங்கிலியை உங்கள் கையில் வாங்கிக்கொள்கிறீர்களா, வீட்டின் சாவியை வாங்கிக்கொள்கிறீர்களா?

சங்கிலியை வாங்கினால்

நம் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் எல்லாருக்கும் முதலில் கண்ணில் படுவது கொல்லைதான். எனக்கும் அப்படித்தான். கும்பகோணத்துப் பழைய தெருக்களில் வீடு அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று போய்க் கொல்லையில் முடியும். நாய்க்கு ஓட இடம் இருக்கிறதே என்று தோன்றும். நாய் வந்து சேர்ந்த பிறகுதான் அந்த வீட்டின் குறை தெரியும். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். ரேழியில் கட்டினால் வாசலில் போகிற ஒவ்வொரு சைக்கிளுக்கும் குரைக்கும். கொல்லையில் கட்டினால் ராத்திரி பெருச்சாளி ஓடும்போதெல்லாம் குரைக்கும். எந்தப் பக்கம் குரைத்தாலும் மூன்று வீட்டுக்குக் கேட்கும். மூன்றாம் நாள் எதிர்வீட்டு மாமா திண்ணையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், "ராத்திரி கண்ணை மூட முடியலை" என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பதில் சொல்லவும் முடியாது.

கொல்லையைத் தயார் பண்ண எனக்கு 38,000 ரூபாய் ஆனது. பாதி இடத்துக்குச் சிமெண்டுத் தளம், ஆறடி உயரத்துக்குக் கம்பி வலை, ஒன்றைத் திறந்தால் இன்னொன்று மூடியிருக்கும்படி இரட்டைக் கதவு, கிணற்றுக்கு இரும்பு மூடி. கிணறு ஞாபகம் இருக்கட்டும். நம் பக்கத்துக் கொல்லைகளில் கிணறு இல்லாத கொல்லை குறைவு. கைப்பிடிச் சுவர் மூன்றடி இருந்தால் போதும் என்று நினைப்போம். சிப்பிப்பாறை நாய்க்கு மூன்றடி ஒரு தாண்டு.

இதெல்லாம் செலவோடு போகிற சங்கதி. நான் கடையை மூடிய காரணம் பார்வோ, குட்டி நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்.

இரண்டரை மாத லாப்ரடார் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். "ஊசி எல்லாம் போட்டாச்சு" என்றார்கள். கார்டைக் கேட்காமல் வாங்கிக்கொண்டேன், தப்பு என்னுடையது. இரண்டாம் நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை ரத்தமாக வயிற்றுப்போக்கு. அந்த வாடையை ஒரு தரம் முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றி எப்படியோ பிழைத்தது. போட்டிருந்தது ஒரே ஒரு ஊசி என்று பிறகு தெரிந்தது. குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். வைரஸ் உடம்புக்குள் போய் அறிகுறி வெளியே தெரிய நாலைந்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம். வரும்போதே அது நோயோடுதான் வந்திருக்கிறது.

குட்டி பிழைத்தது, என் கொல்லை பிழைக்கவில்லை. பார்வோ வைரஸுக்கு ஃபினாயில் ஒன்றும் செய்யாது. பிளீச்சைத் தண்ணீரில் முப்பதுக்கு ஒன்று கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவைத்தால் சிமெண்டுத் தளம் சுத்தமாகும். மண்ணை என்ன செய்வது? மண்ணில் அது மாதக்கணக்கில், சமயத்தில் ஒரு வருஷம்கூட இருக்கும். முழு ஊசி போடாத எந்தக் குட்டியையும் ஒரு வருஷத்துக்கு அந்தக் கொல்லையில் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். 38,000 ரூபாயும் வெயிலில் காய்ந்தது.

இன்னொரு சிக்கல் சாப்பாடு. எங்கள் வீட்டில் முட்டைகூட இல்லை. வருகிற நாய்க்குக் கோழி வேக வைத்த சோறு பழக்கம். தயிர்சாதம் போட்டுச் சமாளிக்கலாம் என்று பார்த்தால், திடீரென்று சாப்பாடு மாறினாலே நாய்க்கு வயிறு கெடும். கடைசியில், பழகிய பாக்கெட் தீவனத்தை அளந்து கொடுத்தனுப்பினால்தான் வாங்குவேன் என்று விதி வைத்தேன். அசைவ வீடென்றால் இந்தத் தொல்லை இல்லை. என் சித்தி மகள் வீட்டில் கோழி வேகும்; ஆனால் மாமியார் கொல்லையில் துளசி மாடம் வைத்திருக்கிறார். அது வேறு பேச்சு.

சட்டமும் சங்கிலி யார் கையில் என்றுதான் பார்க்கும். தன் வசம் இருக்கும் பிராணியால் அடுத்தவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். நாய் என் வீட்டில் இருக்கும் இருபத்துநாலு மணி நேரமும் அது என் வசம். நாயின் சொந்தக்காரர் திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பார்.

சாவியை வாங்கினால்

பார்வோவுக்குப் பிறகு இரண்டு மாதம் சும்மா இருந்தேன். அப்போது ஒரு வாடிக்கையாளர், கல்யாணத்துக்குப் போக வேண்டியவர், "நீங்களே வந்து பாத்துட்டுப் போயிடுங்களேன், டைகர் இங்கேயே இருக்கட்டும். அது இல்லாட்டி வீட்டுக்கு யார் காவல்?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இந்த ஊரின் கணக்கு முழுக்க இருந்தது. சென்னை அடுக்குமாடியில் நாய் ஒரு செல்லப்பிள்ளை. நம் பக்கம் அது செல்லமும்தான், வாட்ச்மேனும்தான். பகலில் கட்டிவைத்து ராத்திரி காம்பவுண்டுக்குள் அவிழ்த்துவிடுவார்கள். ஊருக்குப் போகும் நாளில்தான் காவல் அதிகம் தேவை. அன்றைக்கு நாயைக் கொண்டுபோய் வேறு வீட்டில் விடுவதில் அவர்களுக்கு இஷ்டமே இல்லை. வேறு வழி தெரியாமல்தான் என்னிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். வெள்ளி ராத்திரி போய்த் திங்கள் விடியலில் வருகிறார்கள். என் வீட்டில் வைத்தபோது ராத்திரிக்கு 400 ரூபாய், மூன்று ராத்திரிக்கு 1,200. இப்போது ஒரு தரம் போய் வர 150 ரூபாய். சனியும் ஞாயிறும் காலை மாலை, நாலு தரம், 600. அவர்களுக்குப் பாதிதான் செலவு. எனக்கு நஷ்டமா? ஒரே ஒரு வீட்டுக்காக நாலு கிலோமீட்டர் போனால் நஷ்டம்தான். ஒரு நாளைக்குப் பதினாறு கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம், கையில் நிற்பது 260 சொச்சம். ஆனால் மூன்று வீடுகள் ஒரே சுற்றில் அமைந்தால் ஏழு கிலோமீட்டருக்குள் ஒரு சுற்று முடியும். நாளைக்கு 900 ரூபாய் வரவு, பெட்ரோல் முப்பது நாற்பது ரூபாய், வேலை ஐந்து மணி நேரம். மீதி நேரம் என்னுடையது. வீட்டில் இரண்டு நாய் வைத்தால் 800 வரவு, கழுவுவது காய்ச்சுவது என்று நூறு போகும், கடைக்குக்கூடப் போக முடியாது.

ஸ்கூட்டி மைலேஜை அதனால்தான் கேட்டேன். இந்த வழியில் லாபம் நிற்பது சுற்றுப்பாதையில். என் எல்லை வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு; இரண்டு ஆற்றையும் தாண்டுவதில்லை. திருவிழா நாளில் பாலத்தில் மாட்டிக்கொண்டால் முக்கால் மணி நேரம் போய்விடும். மன்னார்குடியில் இவளுக்கு அமைந்திருக்கும் பாதை எனக்குக்கூட அமையவில்லை. ஹரித்ராநதிக் குளத்தின் நாலு கரையிலும் வீடுகள்; ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கே நாலு வாடிக்கை பிடித்தால் ஸ்கூட்டியே வேண்டாம்.

ஆனால் சாவி கனமானது. நாயைப் பார்த்துக்கொள்ள நூறு பேர் கிடைப்பார்கள், வீட்டுச் சாவியைக் கொடுக்க ஒரு ஆள் கிடைப்பது கஷ்டம். அவர்கள் விலை கொடுப்பது அதற்குத்தான். அதனாலேயே நமக்கும் பயம் வேண்டும். பீரோவில் ஒரு மோதிரம் காணோம் என்றால் முதல் சந்தேகம் நம் மேல்தான்.

நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. கேட் சாவி வீடு, வீட்டுச் சாவி வீடு என்று இரண்டாகப் பிரித்துவிட்டேன். நாய் காம்பவுண்டுக்குள் வெளியே இருக்கிறது, தண்ணீர்க் குழாய் வெளியே, தீவன டப்பா திண்ணையில் என்றால் கேட் சாவி மட்டும் போதும். வீட்டுக்குள் கால் வைக்க வேண்டாம். ஆரம்பத்தில் ஆறு மாதம் இந்த வகை வீடுகளை மட்டுமே எடுங்கள். வீட்டுச் சாவி என்றால் பீரோ இருக்கும் அறையைத் தனியாகப் பூட்டி அந்தச் சாவியைக் கையோடு கொண்டுபோகச் சொல்வேன். சாவி வாங்கும்போது பக்கத்து வீட்டு மாமி கூட நிற்க வேண்டும். போட்டி என்று சொன்னேனே, அதே மாமிதான். "ரெண்டு வேளையும் நான் வருவேன் மாமி, நான் வராத நாள் இருந்தா நீங்க போன் பண்ணிச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டால் அவர் நமக்குச் சாட்சியாகிவிடுவார். ஒவ்வொரு தரமும் கிளம்பும்போது நாய், தண்ணீர்க் கிண்ணம், பூட்டு, மூன்றையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். பூட்டின் படத்துக்குத்தான் முதல் பதில் வரும்.

பூனைக்குக் கேள்வியே இல்லை. பூனை இடத்தோடு ஒட்டியது. அதை வீடு மாற்றக் கூடாது. என் முதல் வருஷத்தில் ஒரு சாம்பல் நிறப் பூனையை வீட்டில் வைத்தேன். முற்றத்துக்கு மேலே கம்பி போட்டிருக்கிறோமே என்ற தைரியம். கம்பிக்கும் ஓட்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அரைமணி நேரத்தில் காணோம். எங்கள் தெருவில் ஓட்டுக்கூரைகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒரு வீட்டில் ஏறினால் கோடி வீடு வரை நடக்கலாம். ஏழு வீடு தள்ளி ஒரு கூரை முகட்டில் உட்கார்ந்துகொண்டு கீழே பார்த்தது. கூப்பிட்டால் வரவில்லை, பால் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெத்திலிக் கருவாடு வாங்கிவந்தால் இறங்கும் என்று பூனையின் சொந்தக்காரர் போனில் சொன்னார். தெருவில் பாதி வீட்டில் வெங்காயம்கூட ஏகாதசிக்கு இல்லை. புடவைத் தலைப்பில் பொட்டலத்தை மறைத்துக்கொண்டு, ஏணி கடன் வாங்கி, சாயந்திரம் விளக்கேற்றும் நேரத்தில் அந்த வாசனையோடு கூரை ஏறினேன். பூனை வந்தது. ஆறு ஓடு உடைந்தது. வாசனையைப் பற்றி இன்றுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

பூனை வீட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயம் மனதில் வைக்க வேண்டும். தரையை ஃபினாயில் போட்டுத் துடைக்கக் கூடாது. அதில் இருக்கும் சரக்கு பூனையின் ஈரலுக்கு விஷம். நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்துகளில் சிலவும் பூனைக்கு விஷம்தான், பெர்மெத்ரின் உள்ளதை நாய்க்குப் போட்டுவிட்டு அந்தக் கையோடு பூனையைத் தூக்கக் கூடாது.

மற்ற இரண்டு வழிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வீட்டிலேயே ராத்திரி தங்குவது காசு அதிகம் வரும் வழி. ஆனால் நம் ஊரில் ஒரு பெண் அடுத்தவர் வீட்டில் தனியாகத் தங்கினால் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆண்களுக்கு இது நல்ல வழி. வாட்ச்மேன் வேலையும் சேர்ந்துவிடும். தினசரி நடைக்கு அழைத்துப் போவதற்கு மட்டும் மாதச் சம்பளம் கொடுப்பவர்கள் டெல்டா ஊர்களில் அபூர்வம். அப்படிக் கிடைத்தாலும் வயல் வரப்புப் பக்கம் கூட்டிப்போகாதீர்கள். சம்பா பயிர் நிற்கும்போது எலி மருந்து வைத்திருப்பார்கள்.

ஆறு மாதத்துக்குப் போகிறவர்கள்

இங்கேதான் என் கட்சி ஆட்டம் காண்கிறது. நாளைக்கு 300 ரூபாய் என்றால் ஆறு மாதத்துக்கு 54,000. யாரும் தர மாட்டார்கள், கேட்கவும் எனக்கு வாய் வராது. மாதம் 5,000 என்று பேசினால் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஆறு மாதம் பூட்டிய வீட்டில் நாளைக்கு ஒன்றரை மணி நேரம் மட்டும் மனித முகம் பார்க்கிற நாய் நாயாக இருக்காது. அதற்கு நம் வீடுதான் சரி.

எங்கள் பக்கத்தில் மாட்டையும் ஆட்டையும் வாரத்துக்கு விடும் பழக்கம் உண்டு. வளர்க்க முடியாதவர் வளர்க்கிறவரிடம் கொடுப்பார், ஈனும் கன்றில் பங்கு. பார்த்துக்கொள்வதற்குக் கூலி என்று அன்றே இருந்ததுதான். நாயில் என்ன பங்கு கேட்பது? மணி என்று ஒரு நாட்டு நாய், எட்டு வயது. அதை மட்டும் ஐந்தரை மாதம் என் வீட்டில் வைத்திருந்தேன். வந்த முதல் வாரம் வாசல்படியைவிட்டு நகரவில்லை. ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் காது நிமிரும், ஆட்டோ போனதும் மடங்கும். இரண்டாம் மாதம் முற்றத்துத் தூணுக்கு வந்தது. நான்காம் மாதம் அடுப்படி வாசலில் படுத்தது. திரும்பி வந்தவர்கள் வாசலில் நின்று "மணி" என்று கூப்பிட்டபோது ஓடிப்போய்க் குதித்தது, அழுதது, எல்லாம் செய்தது. பிறகு திரும்பி வந்து என் காலடியில் உட்கார்ந்துகொண்டது. அந்த அம்மாள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அன்றைக்குக் காசு வாங்க எனக்குக் கை வரவில்லை, மறுநாள் ஜிபேயில் அனுப்பினார்.

இப்போது ஆறு மாதக் கிராக்கியை எடுப்பதில்லை. எடுப்பவர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள்.

ஐப்பசி

ஐப்பசியில் தீபாவளியும் வரும், அடைமழையும் வரும். ஒரே மாதத்தில் அதிக அழைப்பும் அதிக ஆபத்தும். வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய் சங்கிலியை அறுக்கும், கேட்டைத் தாண்டும். சாவி வழியில் இருப்பவர்கள் தீபாவளியன்று விடியற்காலை மூன்று மணிக்கு முதல் வெடி வெடிக்கும் முன்பே போய், நாயை ஜன்னல் இல்லாத அறையில் விட்டு, ஃபேனை வேகமாக வைத்துவிட்டு வந்து எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு நாளுக்கு இரட்டிப்புக் கட்டணம் கேளுங்கள், கூசாதீர்கள்.

மழைக்குச் சாவி வழியில் பதில் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மன்னார்குடி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னை சாய்ந்து ரோடு அடைத்துக் கிடந்தது. அப்படி ஒரு நாளில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்குக்கூடப் போக முடியாது. கட்டிப்போட்ட நாய் கட்டிப்போட்டபடி இருக்கும். தண்ணீர் ஏறினால் பாம்பும் மேட்டுக்கு வரும். கண்ணாடி விரியனை நாய் முகர்ந்துதான் பார்க்கும். அதனால் என் வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தளத்தில் ஓர் இடம் எப்போதும் காலியாக இருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் அன்றைய பட்டியலில் இருக்கும் நாய்களை முதல் நாளே கூட்டிவந்துவிடுவேன், எல்லாம் ஊசிக் கார்டு பார்த்த நாய்கள். செலவு செய்த 38,000-க்கு இந்த ஒரு பயன். மழை வெள்ளத்தில் எலி மூத்திரம் கலந்து லெப்டோ காய்ச்சல் வரும், நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நாய்க்கு வருஷாந்திர ஊசியில் அதற்கும் சேர்த்துப் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு ரப்பர் பூட்ஸ்.

காகிதங்கள்

எந்த வழியென்றாலும் ஒரு பக்கத்துக்கு எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். டாக்டர் நம்பர், சாப்பாட்டின் அளவு, கடித்த சரித்திரம் உண்டா, அவசரமென்றால் கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம். கடைசிக் கேள்வியில்தான் எல்லாரும் தயங்குவார்கள். அதைத்தான் விடக் கூடாது. பெரிய வைத்தியம் என்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2012-இல் வந்தது. மன்னார்குடிக்காரர்களுக்கு ஒருவகையில் பக்கம். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் தாண்டிப் போக வேண்டும். ராத்திரியில் எந்த டாக்டர் போன் எடுப்பார் என்பதை முதல் நாயை எடுப்பதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை அரசு இணையதளத்தில் ஆதார் வைத்து இலவசமாகவே செய்யலாம். காசு கேட்கிறவர் தரகர். சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி, அந்தக் கவலை நமக்கு இப்போதைக்கு இல்லை. கொல்லையில் ஷெட் போட்டு போர்டு மாட்டினால் மின்சாரம் வணிகக் கணக்கில் போகும். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட் அதற்குக் கிடையாது. சாவி வழிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கிளியை வாங்காதீர்கள். "கூண்டோட குடுத்துட்டுப் போறேன், ரெண்டு கொய்யாப்பழம் போதும்" என்று சுலபமாகத்தான் சொல்வார்கள். பச்சைக்கிளி 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். யாருடையது என்றாலும் நம் திண்ணையில் இருக்கும்போது நாம்தான் பதில் சொல்ல வேண்டும். லவ் பேர்ட்ஸ் என்றால் பரவாயில்லை.

உங்களுக்கும் ஊசி உண்டு. ரேபிஸுக்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதைப் போட்டிருந்தாலும் கடி பட்டால், சின்னக் கீறல் என்றாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவக் கூடாது.

இவ்வளவும் கேட்டுவிட்டு என் சித்தி மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ கொல்லை வேஸ்டா அக்கா?" என்றாள். ஹரித்ராநதி வடகரையில் ஒரு வீட்டில் நாளைக்குப் பேசப் போகிறாளாம். பொமரேனியன், ஒன்பது வயது, கேட் சாவி மட்டும். கூண்டுக்கு அளவெடுக்க வரச் சொன்ன வெல்டிங்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டாள். வரட்டும், கிணற்றுக்கு ஒரு மூடி அடித்துக்கொடுக்கச் சொல் என்றேன்.